போய் வரும் பெட்டி

பாதுகாப்புத் துறைத் துணை மந்திரி வருகிறார் என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஆலை ஒரு நிலையில் இல்லை. சுவருக்குப் பெயின்ட், வாசலுக்குப் பூந்தொட்டி, கழிப்பறைக்குப் புதுக் கதவு. என் சோதனை அறைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஏ.சி. சொட்டுகிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு, அதன் கீழே ஒரு பச்சை வாளியை வைத்துவிட்டுப் போனார்கள். மந்திரி வந்தால் வாளியைத்தான் முதலில் காட்டுவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நாங்கள் செய்வது ஏவுகணைக்குள் உட்காரும் சிப். வழி பார்ப்பது, திரும்புவது, இலக்கைப் பிடிப்பது எல்லாம் விரல் நகத்தளவு இருக்கும் அந்தச் சாமான்தான். முடிந்த சிப்பை என் அறையில் ஓர் அடுப்புப் பெட்டியில் வைத்துச் சுடுவோம், இன்னொரு பெட்டியில் வைத்து உறைய வைப்போம், மறுபடியும் சுடுவோம். எல்லாவற்றையும் தாங்கினால் அது ஏவுகணைக்குப் போகும். செத்துப்போவதை ஒரு கறுப்பு டிரேயில் போடுவோம். அந்த டிரேக்குப் பெயர் சுடுகாடு. ஒரு தடவை பாதுகாப்புத் துறைக்குப் போன கடிதத்திலேயே "நாற்பது சுடுகாட்டில்" என்று எழுதிவிட்டார்கள். அங்கிருந்து பதறியடித்துக்கொண்டு போன் வந்தது.

முன்பெல்லாம் இந்தச் சிப் முழுக்க முழுக்க கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள நட்பு நாட்டிலிருந்துதான் வரும். அந்த நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் ஆகாது. பக்கத்து நாடு பெரியது, படையும் பெரியது, கண்ணும் இதன் மேல்தான். அதனால் நட்பு நாட்டின் துறைமுகத்தில் நம்முடைய போர்க்கப்பல்கள் வருடக் கணக்கில் நின்றுகொண்டிருக்கின்றன. பத்திரிகைக்காரர்கள் இதற்குக் கொள்கை, சுதந்திரம், நட்பு என்று என்னென்னவோ எழுதுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அத்தனை பெரிய வார்த்தைகள் தேவைப்பட்டதில்லை. சிப் அங்கிருந்து வருகிறது, அதனால் கப்பல் அங்கே நிற்கிறது.

எங்கள் ஆலை திறந்ததும் பேச்சு மாறியது. நமக்கே செய்யத் தெரிந்துவிட்டது, இனி யாருக்காக நம் பிள்ளைகள் அந்தக் கடலில் போய்க் கிடக்க வேண்டும் என்று டி.வி.யில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். என் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டு டி.வி. தெருக்கோடி வரை கேட்கும். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். என் தம்பி அந்த நாட்டில்தான் இருக்கிறான்.

படிக்கப் போனவன் அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், ஒரு பெண் குழந்தை என்று தங்கிவிட்டான். அங்கே அவன் பார்க்கும் வேலையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும்.

எங்கள் ஆலையில் செய்வது கண்ணாடி மாதிரி மினுங்கும் வட்டமான தட்டு. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் சிப்புகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஓடு போட்டு, மின்சாரம் பாய உலோகக் கால் வைத்தால்தான் எதிலும் பொருத்த முடியும். எங்கள் சிப் நெருப்புக்கு நடுவில் வேலை செய்ய வேண்டியது என்பதால் அந்த ஓடு லேசுப்பட்ட ஓடு இல்லை. அதைப் போடத் தெரிந்தவர்கள் தம்பி நாட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள். ஆகவே தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி அங்கே அனுப்புவோம். அவர்கள் ஓடு போட்டு அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார்கள். பெட்டி முன்வாசல் வழியாகப் போகும், பின்வாசல் வழியாக வரும். முன்வாசலைத் தாண்டிய தட்டு எங்கள் ஆலைக் கணக்கில் முடிந்த வேலை. பின்வாசலில் பெட்டியை வாங்குபவள் நான் ஒருத்திதான்.

அங்கே ஓடு போடும் கூடத்தில்தான் என் தம்பி வேலை பார்க்கிறான். இது எங்கள் இரண்டு ஆலைக்கும் தெரியும். பெட்டியில் கடிதம் வைக்கக் கூடாது, போனில் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒரு தடவை பெட்டியைப் பிரிக்கும்போது டேப் பிடி கொடுக்காமல் என் நகம் பிய்ந்துவிட்டது என்று வீட்டுக் கதையோடு கதையாக அவனிடம் புலம்பினேன். அடுத்த பெட்டியில் டேப்பின் ஓரம் சின்னதாக உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் அப்படித்தான் வருகிறது. சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

மந்திரி வருவதற்கு முதல் நாள் எங்கள் ஆலைத் தலைவர் ஒத்திகை பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். சாப்பிட்டாச்சா சார் என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் ஆச்சு என்பார். திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி ஓடியது: நூறு சதவீதம் நம் மண்ணில்.

"சார், பெட்டி?" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். முன்வாசல் கணக்கையே பார்த்துப் பார்த்து, பின்வாசல் என்று ஒன்று இருப்பதே அந்த மனுஷர் மனசிலிருந்து போய்விட்டது. நான் சொன்னதும் முகம் கறுத்தது.

"அது சின்ன வேலைம்மா. தைச்ச சட்டைக்குப் பட்டன் வைக்கற மாதிரி."

"பட்டன் இல்லாம சட்டை போட்டுக்கலாம் சார். ஓடு இல்லாம ஏவுகணை தரையை விட்டுக் கிளம்பாது. மந்திரி எதுக்கு வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? கப்பலைத் திருப்பிக் கூப்பிடலாமா வேண்டாமான்னு பாக்க வர்றாங்க. நீங்க நூறுன்னு சொன்னா நாளைக்கே கூப்பிட்டுடுவாங்க. பக்கத்து நாட்டுக்காரன் அதுக்குத்தான் காத்துட்டிருக்கான். அப்புறம் பெட்டி எங்கேருந்து வரும்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார். "உங்க தம்பி அங்கதான இருக்கான்? நீங்க வாயைத் திறந்தா என்ன நினைப்பாங்க? தம்பிக்காக நாட்டையே பயமுறுத்தறீங்கன்னு சொல்லுவாங்க. வேலை போகும். அதோட நிக்காது. யோசிச்சுக்கோங்க."

அன்று சாயங்காலம் தம்பியோடு வீடியோ காலில் பேசினேன். பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது. பழகிப்போச்சுக்கா, ஒத்திகைதான் என்றான். அவன் மகள் குட்டி, கட்டிடத்தின் நிலவறையில் அவன் மடியில் உட்கார்ந்து என்னிடம் விழுந்த பல்லைக் காட்டினாள். பக்கத்து நாட்டுக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சுற்றுகின்றன என்று அன்றைய செய்தியில் சொல்லியிருந்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அக்கா, சாப்டியா?" என்றாள்.

மறுநாள் துணை மந்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. பூந்தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். கூடவே வெள்ளை உடுப்பில் ஒரு கடற்படை அதிகாரி. அவர்தான் அங்கே நிற்கும் கப்பல்களுக்குப் பொறுப்பு என்றார்கள். சதவீதம் முன்னால் ஓடி ஓடி வழி காட்டினார். கடைசியாக என் அறைக்கு வந்தார்கள்.

மந்திரி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேராக விஷயத்துக்கு வந்தார். "நாளைக்கே அந்தக் கடல் வழி மூடிடுச்சுன்னு வைங்க. ஒரு சாமானும் வராது. நம்ம ஏவுகணைக்கு சிப் கிடைக்குமா, கிடைக்காதா?"

"நூறு சதவீதம் கிடைக்கும் மேடம்," என்றார் சதவீதம்.

மேசையைப் பிடித்துக்கொண்டேன். வேலை போனால் அப்பாவின் மருந்துக்கு என்ன செய்வது என்ற நினைப்பு ஒரு பக்கம். பேசாமல் இருந்தால் குட்டியின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற நினைப்பு ஒரு பக்கம். காலையில் வந்த பெட்டி மேசைக்குக் கீழே இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"கிடைக்காது மேடம். எல்லா சிப்பும் இந்தப் பெட்டியிலதான் வருது. பெட்டி அங்கேருந்து வருது."

சதவீதம் பாய்ந்து வந்தார். "மேடம், இவங்க தம்பி அங்க இருக்கான். அதுக்காகத்தான்..."

மந்திரியின் பார்வை என் மேல் நின்றது. "உண்மையா?"

"தம்பி இருக்கறதும் உண்மை, பெட்டி வர்றதும் உண்மை. என்னை நம்ப வேண்டாம் மேடம். இங்க முடிஞ்சதுன்னு கணக்கெழுதின தட்டு ஒண்ணைக் கொண்டுவரச் சொல்லுங்க. அதை எதுலயாவது பொருத்திக் காட்டச் சொல்லுங்க."

தட்டு வந்தது. கடற்படை அதிகாரி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது. பிறகு நான் பெட்டியைப் பிரித்து, ஓடும் காலுமாக இருந்த ஒரு சிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வாளியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சதவீதத்துக்கு ஏ.சி. அறையிலும் வியர்த்து வழிந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"அப்ப கப்பல் அங்கேயே நிக்கட்டும்," என்றார் மந்திரி அதிகாரியிடம்.

எனக்கு உயிர் வந்தது. சிரித்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த நிம்மதியில்தான் வாய் தவறியது. போகும்போது மந்திரி வாசலில் நின்று, "இந்த ஓடு போடத் தெரிஞ்சவங்க அங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ரொம்ப இல்லை மேடம். ஒரே ஒரு கூடம்தான்," என்றேன்.

"ஒரு கூடம்தானா," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கார் கிளம்பிப் போன பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மாதம் பிடிபட்டது. அந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் நம் அரசாங்கம் அழைப்பு அனுப்பியது. குடும்பத்தோடு வரலாம். வீடு, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தயார். கூடத்தையே வேரோடு பிடுங்கி இங்கே நட்டுவிட்டால் கப்பலை அங்கே நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. நான் நாட்டுக்குச் சொன்ன உண்மையை அவர்கள் அப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். மகன் வருகிறான், அவ்வளவுதான். மறுநாளே மாடி அறையைக் கழுவிவிட்டார். கடைக்குப் போய்க் குழந்தைக் கட்டில் ஒன்று வாங்கி, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்து தானே பூட்டினார். "குட்டி உருண்டு விழுந்துடப் போறா. பக்கக் கம்பி வச்சதா வாங்கினேன்," என்றார். அவளுக்கு ஏழு வயதாகிறது, கம்பி எல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கப்பல் எக்கேடு கெட்டால் என்ன, என் தம்பி வருகிறானே என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"என்னைக்குடா டிக்கெட்?" என்றேன்.

"வரலக்கா."

"என்னடா விளையாடறே?"

"கூடத்துல எல்லாரும் உக்காந்து பேசினோம். ரெண்டு குடும்பம் கிளம்பறாங்க. அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லல, அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு. மத்த யாரும் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்."

"பைத்தியமாடா உனக்கு? தினம் சைரன் அடிக்குது. பொண்டாட்டி, குழந்தையை வச்சுக்கிட்டு..."

"அக்கா, உனக்குத் தெரியாததா? நாங்க இங்க இருக்கறதாலதான் உங்க கப்பல் இங்க நிக்குது. நாங்க கிளம்பினா அதுவும் கிளம்பிடும். இவ அம்மா அப்பா, குட்டி கூடப் படிக்கற பிள்ளைங்க, இந்தக் கட்டிடத்துல இருக்கற ஜனங்க, இவங்களை எல்லாம் யாரு கூப்பிட்டா? யாரும் கூப்பிடல. எங்களை மட்டும்தான் கூப்பிட்டாங்க."

"அது அரசாங்கத்தோட வேலைடா. உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல. நான் வேலைக்குப் போறேன், வர்றேன். கப்பல் நிக்க அது போதும்னு ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

அப்பா போனைப் பிடுங்கினார். நரம்பு புடைக்கக் கத்தினார். "நான் செத்தாலாவது வருவியா? அதுக்கும் கப்பல் கணக்குப் பாத்துட்டுத்தான் வருவியா?"

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. ஸ்பீக்கரில் இருந்ததால் அப்பாவுக்கும் கேட்டது. அவர் போனை என் கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். கட்டிலைப் பிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எதுவும் செய்யாமல் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

மந்திரி அலுவலகம் அதோடு விடவில்லை. ஆள் வராவிட்டால் என்ன, நாமே கற்றுக்கொள்வோம் என்று எங்கள் ஆலையிலேயே ஓடு போடும் கூடம் கட்ட உத்தரவு வந்தது. அதற்குப் பொறுப்பு நான். "நீங்கதான குறையைச் சொன்னீங்க, நீங்களே சரி பண்ணுங்க," என்றார் சதவீதம். அவருக்கு என் மேல் இருந்த கோபத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறொருவரைப் போடுவார்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றே இழுத்தடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. கிளம்பி வந்த இரண்டு குடும்பத்தாரும் அங்கே தட்டு வெட்டும் வேலை பார்த்தவர்கள், ஓடு போடத் தெரியாது. அந்த வேலை தானாகவே உயிரை வாங்கியது. ஓடு போட்டால் விரிசல் விழுந்தது. விரிசல் விழாவிட்டால் கால் ஒட்டவில்லை. எல்லாம் சரியாக வந்தால் அடுப்புப் பெட்டியில் செத்தது. சுடுகாட்டு டிரே நிரம்பி வழிந்து, இரண்டாவது டிரே வாங்கினோம். ஒவ்வொன்றும் சாகும்போது என்னுடன் வேலை செய்யும் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நானும் கை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருக்கும். இருபது வருடம் இந்தத் தொழிலில் சோறு சாப்பிட்டவள் சிப் சாவதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு கேவலம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் கண்ணும் சும்மா இருக்குமா? எங்கே விரிசல் ஆரம்பிக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது. ஓடு போட்டதும் உடனே ஆறவிடுகிறோம், அதுதான் தப்பு என்று ஒரு நாள் எனக்கே தோன்றிவிட்டது. தோன்றியதை வாயை மூடிக்கொண்டு விழுங்கத்தான் பார்த்தேன். அதற்குள் ஒரு பிள்ளை, "மேடம், மெதுவா ஆறவிட்டுப் பாக்கலாமா?" என்று அதையே கேட்டான். கேட்டவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பாருப்பா என்றேன்.

நேற்று அந்தச் சிப் அடுப்புப் பெட்டிக்குள் போனது. சூட்டில் நின்றது. குளிரில் நின்றது. மறுபடி சூட்டிலும் நின்றது. திரையில் பச்சை விளக்கு எரிந்ததும் அறையே கத்தியது. பிள்ளைகள் கை தட்டினார்கள், சதவீதம் ஓடி வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார். நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்து, "பாருங்க, மேடம் சந்தோஷத்துல அழறாங்க," என்றான் ஒருவன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தம்பி கூப்பிட்டான். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"என்னக்கா அங்க ஒரே சத்தம்?"

வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் ஒரு தடவைகூட மீறியதில்லை.

"ஒண்ணு பொழைச்சிடுச்சுடா," என்றேன்.

அவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சூட்டுலயா?" என்றான்.

"எல்லாத்துலயும்."

"மெதுவா ஆறவிட்டீங்களா?"

"ஆமா."

"நல்லா செஞ்சிருக்கக்கா," என்றான். பொய்யாகச் சொல்லவில்லை. தொழில்காரன் தொழில்காரிக்குச் சொல்வது போலத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வந்துடுடா," என்றேன். "அப்பா கட்டிலை இன்னும் பிரிக்கல. இப்பவே கிளம்பி வந்துடு. இனிமே நீ அங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

பின்னால் சைரன் ஆரம்பித்தது. குட்டி எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வருவதும், அவள் அம்மா கதவைப் பூட்டுவதும் கேட்டது.

"ஒண்ணு பொழைச்சதுக்கே கப்பலைக் கூப்பிட மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கு," என்றான். படி இறங்கும் சத்தத்தோடு சத்தமாகப் பேசினான். "நாளைக்குப் பெட்டி அனுப்பணும்க்கா. ஓரத்தை மடிச்சு வைக்கறேன். நகத்தைப் பிச்சுக்காத."